பெற்றோருக்குச் செய்தி போய்ச் சேரவில்லை, இப்படித்தான் சரிசெய்தேன்

என் வகுப்பில் 34 பிள்ளைகள். பெற்றோருக்காக வாட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினேன். காலை வணக்கமும் பார்வர்டும் குவிந்ததில் வீட்டுப்பாடச் செய்தி எங்கோ அடியில் போய்விட்டது. சரி என்று, ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் லிஸ்டுக்கு மாறினேன். அப்புறம் பாதிப் பேர் "எங்களுக்கு எதுவும் வரலையே டீச்சர்" என்றார்கள். பிராட்காஸ்ட் செய்தி, நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் போகும், அதை நான் கவனிக்கவில்லை.

மறுபடி குழுவுக்கே வந்தேன். இந்த முறை அட்மின் மட்டும் செய்தி அனுப்பலாம் என்று அமைப்பை மாற்றி, தேர்வு அட்டவணை எப்போதும் மேலேயே தெரியும்படி 'பின்' (pin) செய்தேன். கேள்வி இருந்தால் எனக்குத் தனியாக எழுதலாம். ஒரு பிள்ளையின் மதிப்பெண்ணோ குறையோ குழுவில் வரவே கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்.

உண்மையில் பெரிய மாற்றம் தந்தது குரல் செய்திதான். வாசிக்கச் சிரமப்படும் சிலர் அதைச் சொல்லத் தயங்கி இத்தனை நாள் ஒதுங்கியே இருந்திருக்கிறார்கள், எனக்கு அது மனதை உறுத்தியது. வாரம் ஒருமுறை, ஒரு நிமிடத்துக்குள், வகுப்பில் என்ன நடக்கிறது என்று பேசி அனுப்பினேன். மறுநாளே ஒரு அப்பா அழைத்து, மகள் கணக்கில் எங்கே தடுமாறுகிறாள் என்று கேட்டார். அவர் என்னிடம் பேசியது அதுவே முதல்முறை.

ஸ்மார்ட்போன் இல்லாத இரண்டு வீடுகளுக்கு இன்னும் டைரியில்தான் எழுதி அனுப்புகிறேன்.