ஆறாத வாய்ப்புண்: கொப்புள நோய்களில் கோட்டைவிடும் இடங்கள்

வாயில் புண் வந்தால் தூக்கம் போதவில்லை, வைட்டமின் குறைவு என்று நாமே ஒரு காரணத்தைச் சொல்லி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். பெரும்பாலும் அதில் தப்பில்லை, சாதாரண வாய்ப்புண் ஒன்றிரண்டு வாரத்தில் தானாகவே ஆறிவிடும். ஆறாமல் இழுத்துக்கொண்டே போகும் புண்தான் சிக்கல். பெம்பிகஸ் வல்காரிஸ் என்ற கொப்புள நோய் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு முதலில் வாயில்தான் தலைகாட்டுகிறது. தோலில் ஒரு கொப்புளம்கூட இல்லாமல் மாதக்கணக்கில் வாய் மட்டும் வெந்துபோய்க் கிடக்கும், அந்த மாதங்களைத்தான் நாம் வீணடிக்கிறோம்.

முதல் தவறு, கொப்புளத்தைத் தேடுவது. 'எனக்குக் கொப்புளமே வரவில்லையே, அப்புறம் எப்படிக் கொப்புள நோய்?' என்று கேட்பார்கள், நியாயமான கேள்விதான். ஆனால் பெம்பிகஸில் கொப்புளத்தின் மேல்தோல் மிக மெல்லியது. சாப்பிடும்போதும் பேசும்போதும் உரசி, சில மணி நேரத்திலேயே உடைந்துவிடும். நம் கண்ணில் படுவது அது உடைந்த இடம் மட்டும்தான். சாதாரண வாய்ப்புண் வட்டமாக, நடுவில் வெளிர்மஞ்சளாக, சுற்றிலும் சிவப்பு வளையத்தோடு இருக்கும். இதுவோ ஒழுங்கற்ற விளிம்போடு பரவி, ஓரத்தில் நைந்த தோல் ஒட்டிக்கொண்டிருக்கும், கன்னத்தின் உட்பக்கம், மேல் அண்ணம், உதடு, ஈறு என்று இடம் பார்க்காமல் வரும்.

தோல் ஏன் தப்பிக்கிறது என்பதற்கும் விளக்கம் உண்டு. செல்களை ஒன்றோடொன்று பிடித்து வைப்பவை டெஸ்மோக்ளீன் என்ற புரதங்கள். நோய் எதிர்ப்பு மண்டலம் குழம்பிப்போய் டெஸ்மோக்ளீன் 3-ஐ மட்டும் தாக்கும்போது, தோலில் டெஸ்மோக்ளீன் 1 ஈடுகொடுத்துவிடுகிறது. வாயின் உட்படலம் பெரிதும் 3-ஐ நம்பியே இருப்பதால் அங்கே பிடிப்பு விட்டுப்போகிறது. ஆகவே தோல் நன்றாக இருப்பதை வைத்து ஒன்றுமில்லை என்று முடிவுகட்ட முடியாது. உடம்பு தன்னைத்தானே தாக்குவதுதான் இது, தொற்று அல்ல, யாருக்கும் ஒட்டாது.

அடுத்தது ஈறு. சிவந்து, தோல் உரிந்து, பிரஷ் பட்டாலே எரியும் ஈறைச் சாதாரண ஈறு நோய் என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பல் சுத்தம் செய்துகொள்வார்கள். சுத்தம் செய்தும் அடங்கவில்லை என்றால் சளிப்படலப் பெம்பிகாய்டு என்ற இன்னொரு கொப்புள நோய், பெம்பிகஸ், லைக்கன் பிளானஸ் என்ற அழற்சி நோய் இவற்றில் ஒன்றாக இருக்குமா என்று பார்க்க வேண்டும். எரிகிறதே என்று பல் தேய்ப்பதையே விட்டுவிடுவது இதற்கு நேர் எதிரான தவறு, படிந்த அழுக்கு ஈறை இன்னும் கெடுக்கும். மிருதுவான பிரஷ், நுரை தரும் சோடியம் லாரில் சல்பேட் இல்லாத பேஸ்ட், ஆல்கஹால் கலக்காத மவுத்வாஷ், இது போதும். பெம்பிகாய்டு கண்ணையும் பிடிக்கும். வாய் மருத்துவரிடம் போகிறவர் கண் சிவப்பையும் உறுத்தலையும் வேறு விஷயம் என்று சொல்லாமலே வந்துவிடுவார். அங்கே தழும்பு விழுந்தால் பார்வையே போகலாம், போன பார்வையை மீட்பது கடினம். தயவுசெய்து சொல்லிவிடுங்கள்.

விரலால் தேய்த்துத் தோல் உரிகிறதா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்ப்பதும் வேண்டாம், புதிதாக ஒரு புண்தான் மிஞ்சும்.

பயாப்ஸியிலும் கோட்டைவிட இடம் இருக்கிறது. புண்ணின் நடுவிலிருந்து சதை எடுத்தால் அங்கே மேல்படலமே இருக்காது, அறிக்கையில் 'அழற்சி' என்று மட்டும் வரும். விளிம்பிலிருந்து ஒரு துண்டு, பக்கத்தில் நன்றாக இருக்கும் இடத்திலிருந்து இன்னொரு துண்டு என்று இரண்டு வேண்டும். இரண்டாவது, செல்களைத் தாக்கும் எதிர்ப்புப் புரதங்களை ஒளிரவைத்துக் காட்டும் இம்யூனோஃப்ளோரசன்ஸ் பரிசோதனைக்கு. அதை, வழக்கமாகச் சதைத் துண்டைப் போட்டுவைக்கும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் பரிசோதனை கெட்டுவிடும், அதற்கென்று தனித் திரவம் உண்டு. 'இரண்டு துண்டு எடுக்கிறீர்களா?' என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

கடைசியாக ஸ்டீராய்டு. என்ன நோய் என்று தெரியும் முன்பே கடையில் வாங்கித் தடவினால் அறிகுறி மங்கிப்போகும், மேலே பூஞ்சைத் தொற்றும் வந்து சேரும். நோய் உறுதியான பிறகோ வேறு கதை: வாய் ஆறியதும், பக்க விளைவுக்குப் பயந்து மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடுவார்கள். நோய் திரும்புவது ஒருபுறம் இருக்க, நீண்ட நாள் மாத்திரை சாப்பிட்ட உடம்பு தன் ஸ்டீராய்டைச் சுரப்பதைக் குறைத்துக்கொண்டிருக்கும் என்பதால் உயிருக்கே ஆபத்தாகலாம். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். மாத்திரையின் அளவைக் குறைக்க உதவும் மருந்துகளும் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான ரிட்டுக்சிமாப் 2018-இல் அமெரிக்காவில் பெம்பிகஸ் வல்காரிஸுக்கு அனுமதி பெற்றது. 3 வாரத்தைத் தாண்டிய எந்த வாய்ப்புண்ணையும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள், புற்றுநோய் இல்லை என்று தெரிந்துகொள்ளவும் அது தேவை. கூடவே தோல் மருத்துவர் ஒருவரும் பார்த்தால் நல்லது.