பிகில் ஊதும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓடிக்கொண்டிருக்கும் ப்ராசஸ்களை, அதாவது இயங்கும் நிரல்களை, பெயர் சொல்லித் தேட லினக்ஸில் பி-கிரெப் என்ற கட்டளை, பெயர் சொல்லி அவற்றுக்கு 'நிறுத்து' போன்ற சிக்னல் அனுப்ப பி-கில். இரண்டாவதைச் சேர்த்து எழுதினால் 'பிகில்' என்றாகிவிடுகிறது. தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம். ஊதினால் யார் யார் திரும்பிப் பார்ப்பார்கள் என்று தெரியாமல் ஊதுவதில்தான் வம்பே இருக்கிறது.

கொடுத்த பெயர் அப்படியே முழுதாகப் பொருந்தினால்தான் செல்லும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை, பெயருக்குள் எங்கே அந்த எழுத்துகள் வந்தாலும் போதும். ரூட்டாக, அதாவது எல்லா உரிமையும் உள்ள பயனராக, இருந்துகொண்டு 'பி-கில் எஸ்ஹெச்' என்று அடித்துப் பாருங்கள் (வேண்டாம், அடிக்காதீர்கள்). நீங்கள் அடிக்கும் கட்டளைகளை வாங்கி ஓட்டும் ஷெல்லான பாஷும் அதில் பொருந்தும், தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைய வழிவிடும் எஸ்எஸ்ஹெச்டியும் பொருந்தும். உட்கார்ந்து வேலை செய்யும் டெர்மினலின் பாஷ், பி-கில் வழக்கமாக அனுப்பும் 'முடித்துக்கொள்' சிக்னலான சிக்டெர்மைச் சட்டை செய்யாது. எஸ்எஸ்ஹெச்டி அப்படியில்லை; தொலைவிலிருக்கும் சர்வரோடு உங்கள் இணைப்பு அறுந்துவிடும். முழுப் பெயர்தான் வேண்டுமென்றால் -எக்ஸ் சேர்க்க வேண்டும்.

இன்னொரு பக்கம், நீளமான பெயர்கள் சிக்குவதே இல்லை. லினக்ஸின் மையமான கெர்னல், ப்ராசஸ் பெயரில் 15 எழுத்துகளைத்தான் வைத்துக்கொள்கிறது. அதைவிட நீண்ட பெயரைத் தேடினால் வெறுங்கைதான். உடனே எல்லோரும் ஓடுவது -எஃப்பிடம். அது கட்டளை வரி முழுவதிலும் தேடும், அதனால் தேவைக்கு மேலேயே பிடிக்கும். 'பேக்கப்' என்ற ஸ்கிரிப்டை நிறுத்தப் போனால், அதே ஃபைலை எடிட்டரில் திறந்து வைத்திருப்பவரின் வேலையும் போகும். பி-கில் தன்னை விட்டுவிடும். தன்னை அழைத்த ஷெல்லை விடாது. எஸ்எஸ்ஹெச் வழியாக ஒரே வரியில் நாலைந்து கட்டளைகள் அனுப்பும்போது, அந்த வரியிலும் 'பேக்கப்' இருப்பதால் ஷெல்லே செத்து, மீதிக் கட்டளைகள் ஓடாமல் போகும். தேடும் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் சதுர அடைப்புக்குள் போட்டால் தப்பிக்கலாம். ப்ராசஸ்களைப் பட்டியலிடும் பி-எஸ் கட்டளையின் வெளியீட்டை, சொல் தேடும் கிரெப்பில் வடிகட்டும்போது கிரெப்பே வந்து நிற்கிறதே, அதற்கும் இதே வைத்தியம்.

எடுத்த எடுப்பில் -9 (உடனே கொல்லும் சிக்னல்) போடுவது கெட்ட பழக்கம். எண் எதுவும் கொடுக்காவிட்டால் போவது 15, அதாவது சிக்டெர்ம். அது கிடைத்த ப்ராசஸ், எழுதிக்கொண்டிருந்ததை முடித்து, பூட்டு (லாக்) ஃபைலை நீக்கிவிட்டுக் கிளம்பலாம். 9 அந்த அவகாசத்தைத் தராது. சில நொடிகள் பொறுத்துப் பார்த்து, அப்போதும் அசையாவிட்டால் 9 எடுக்கலாம். 9-க்கும் அசையவில்லையா? பி-எஸ்ஸில் நிலையைப் பாருங்கள். இசட் என்றால் அது ஏற்கெனவே செத்தது. தாய் ப்ராசஸ் வந்து கணக்கு முடிக்கும்வரை பட்டியலில் பெயர் மட்டும் நிற்கும். டி என்றால் டிஸ்க் போன்ற எதற்கோ காத்துக் கிடக்கிறது.

ப்ராசஸின் எண்ணைக் குறித்து வைத்த பழைய பிஐடி ஃபைலை நம்பி கில் அடிப்பதும் ஆபத்துதான். எண்கள் சுற்றி வரும். நேற்று உங்கள் ப்ராசஸுக்கு இருந்த எண் இன்று வேறொன்றின் கையில் இருக்கலாம்.

பி-கிரெப்பும் பி-கில்லும் ஒரே விதத்தில்தான் தேடுகின்றன. முதலில் பி-கிரெப்பை -ஏ போட்டு ஓட்டி, வரும் வரிகளை ஒவ்வொன்றாகப் படியுங்கள். பிறகு மேல் அம்புக்குறியை அழுத்தி, -ஏவை எடுத்துவிட்டு, 'கிரெப்' என்பதை மட்டும் 'கில்' என்று மாற்றினால் போதும்.