தலையாட்டினார் என்றால் நாடா, ஷேக்கா?

‘தலையாட்டினார்’ என்று தமிழில் எழுதினால் சம்மதமா மறுப்பா என்பதை முன்பின் வரிகள் சொல்லிவிடும். ஆங்கிலத்தில் வினைச்சொல்லே அதைச் சொல்லியாக வேண்டும். தலை மேலும் கீழும் போனால் நாட் (nod), இடவலமாகப் போனால் ஷேக் (shake). லீவு கேட்டதற்கு மேலாளர் தலையாட்டியதை ‘ஷுக் ஹிஸ் ஹெட்’ என்று எழுதினால், லீவு கிடைக்கவில்லை என்று ஆகிவிடும்.

‘ஹி நாடட்’ என்றாலே போதும், தலையைச் சொல்ல வேண்டியதில்லை. ஷேக்குக்குத் தலை கட்டாயம். ‘ஹி ஷுக்’ என்று நிறுத்தினால் ஆள் நடுங்கினார் என்று பொருள். ‘நாட் ஆஃப்’ என்பதோ உட்கார்ந்தபடியே தூங்கி விழுவது. நம் ஊரில் தலையைப் பக்கவாட்டில் சாய்த்துச் சாய்த்து ‘சரி சரி’ என்கிறோமே, அது இரண்டிலும் சேராது. வாபிள் (wobble) என்று எழுதி, அது சம்மதம்தான் என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.

அதிகம் சறுக்குவது ‘தட்டு’ என்ற இடத்தில். கதவென்றால் நாக், கை தட்டல் கிளாப். இவற்றில் யாரும் தவறுவதில்லை. முன்னால் நிற்பவரைத் திரும்ப வைக்க விரல் நுனியால் தோளில் தட்டுவது டாப் (tap). பரிசு வாங்கிய பையனின் முதுகில் உள்ளங்கையை விரித்து மெதுவாகத் தட்டிக்கொடுப்பது பேட் (pat). அதே விரித்த கை வேகமாக இறங்கினால் ஸ்லாப். தட்டிக்கொடுத்த ஆசிரியருக்கு ‘பீட்’ என்ற வினையைப் போட்டால், பாராட்டு அடிதடி ஆகிவிடும். வாக்கிய அமைப்பையும் கவனியுங்கள்: ‘டாப்ட் ஹிம் ஆன் த ஷோல்டர்’. ஆள் முதலில், உறுப்பு பிறகு. ‘ஹிம்’ வந்த பின் மறுபடி ‘ஹிஸ் ஷோல்டர்’ என்பது உறுத்தும்.

கண்ணில் கணக்கு எளிது. இரண்டு இமையும் தானாக மூடித் திறந்தால் பிளிங்க், வேண்டுமென்றே ஒரு கண்ணை அடித்தால் விங்க். கண் மருத்துவரிடம் ‘ஐ கீப் விங்கிங்’ என்று சொல்லிவிடாதீர்கள்.

கீழே விழுந்த பேனாவுக்குக் குனிவது பென்ட், மரியாதைக்குக் குனிவது பௌ (bow). எழுத்தைப் பார்த்து இதைப் ‘போ’ என்று படித்தால் வில் ஆகிவிடும்.

கையசைத்துக் கூப்பிடுவதற்கு பெக்கன் (beckon) சரியான சொல்தான், ஆனால் ஏட்டு வாசனை அடிக்கும். பேச்சில் வேவ் போதும். பின்னால் வரும் சிறுசொல்தான் திசை காட்டும். ‘வேவ்ட் மீ ஓவர்’ என்றால் இங்கே வா, ‘வேவ்ட் மீ அவே’ என்றால் தள்ளிப் போ, சோதனைச் சாவடியில் ‘வேவ்ட் மீ த்ரூ’ என்றால் வண்டியை நிறுத்தாமல் போகலாம்.