184-இல் இரண்டு பேர்: டீசலில் டைபென்சோதயோபீனை ஆம்டிஸில் உறுதிசெய்வது

பாரத் ஸ்டேஜ் 6 டீசலில் கந்தகம் கிலோவுக்கு 10 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. சுத்திகரித்த பிறகும் பிடிவாதமாக மிஞ்சுவது டைபென்சோதயோபீன் என்ற கந்தகச் சேர்மத்தின் குடும்பம். குறிப்பாக 4,6-டைமெத்தில் வகையில் இரு மெத்தில் குழுக்கள் கந்தகத்தை மறைத்து நிற்பதால் கந்தகத்தை நீக்கும் வினையூக்கி நெருங்குவது கடினம்.

டைபென்சோதயோபீனின் நிறை 184. நான்கு கூடுதல் கார்பன் கொண்ட நாப்தலீன்களுக்கும் அதே 184. டீசலில் இந்த நாப்தலீன்களே மிக அதிகம் என்பதால், ஜிசி-எம்எஸ் (வாயு நிறப்பிரிகை, நிறை நிறமாலைக் கருவி) தரும் நிறமாலையை நூலகத்தோடு ஒப்பிடும் பொருத்தத்தை மட்டும் நம்பிப் பெயர் எழுதினால் ஏமாறுவோம். கலந்து வரும் சேர்மங்களின் நிறமாலைகளைத் தனித்தனியாகப் பிரித்துத் தரும் மென்பொருளான ஆம்டிஸ் இங்கே உதவும்.

முதலில் சிலிக்கா ஜெல்லில் ஹெக்சேன் விட்டுப் பாரஃபின்களை நீக்குங்கள். பிறகு டைகுளோரோமீத்தேன் கலந்த ஹெக்சேனால் அரோமாட்டிக் பகுதியை எடுங்கள். நாப்தலீன்களும் கூடவே வந்துவிடும். அதைத் தடுக்க முடியாது. நைட்ரஜனில் செறிவாக்கும்போது முழுக்க உலரவிட வேண்டாம், லேசான சேர்மங்கள் பறந்துவிடும்.

5 சதவீத ஃபீனைல் பூச்சுள்ள 30 மீட்டர் கேபிலரிக் குழாய் போதும். வெப்பம் நிமிடத்துக்கு 4 டிகிரி ஏறட்டும். நிறை 45 முதல் 450 வரை முழு ஸ்கேன் எடுங்கள், ஒரு பீக்கின் மேல் குறைந்தது 10 ஸ்கேன் விழ வேண்டும். தேர்ந்த அயனிகளை மட்டும் பதிவுசெய்த கோப்பில் ஆம்டிஸ் நிறமாலையைப் பிரித்தெடுக்க முடியாது. இதே வெப்ப நிரலில் சாதாரண அல்கேன் கலவையையும் வெறும் கரைப்பானையும் ஓட்டிவிடுங்கள்.

ஆம்டிஸில் உணர்திறன், பிரிதிறன் இரண்டையும் 'மீடியம்' நிலையில் வைத்துத் தொடங்குங்கள். எடுத்த எடுப்பில் உணர்திறனை 'வெரி ஹை' வைத்தால், டீசலின் சேர்மங்கள் தனித்தனியாகப் பிரியாமல் மேடாகத் தெரியும் பகுதியிலிருந்து நூற்றுக்கணக்கில் போலிச் சேர்மங்கள் முளைக்கும். அல்கேன் ஓட்டத்தால் தக்கவைப்புக் குறியீட்டை (ஒரு சேர்மம் வெளிவரும் நேரத்தை அல்கேன்களோடு ஒப்பிடும் எண்) அளவுதிருத்துங்கள். டைபென்சோதயோபீன் 17, 18 கார்பன் அல்கேன்களுக்கு இடையே, பினாந்த்ரீனுக்குச் சற்று முன்னால் வர வேண்டும்.

அடுத்தது ஐசோடோப்புச் சோதனை. எனக்கு மிகவும் நம்பிக்கையானது இதுதான். நிறை 186 அயனியின் உயரத்தை 184 அயனியின் உயரத்தால் வகுத்தால் கந்தகம் உள்ளதற்குச் சுமார் 5 சதவீதம், நாப்தலீனுக்குச் சுமார் 1 சதவீதம் வரும். துண்டுகளும் பேசும்: 139, 152 என்றால் டைபென்சோதயோபீன், 169, 141 ஓங்கியிருந்தால் நாப்தலீன். இந்த அயனிகளின் உச்சிகள் ஒரே ஸ்கேனில் விழுகின்றனவா என்று பாருங்கள். உச்சி தள்ளியிருந்தால் இரண்டு சேர்மங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. 184-ஏ மெலிந்திருந்தால் 186 இரைச்சலில் மூழ்கிவிடும். அந்த நிலையில் விகிதத்தைக் கணக்கில் எடுக்காதீர்கள். மாதிரியை இன்னும் செறிவாக்கி மறுபடி ஓட்டுங்கள்.

உயர்பிரிதிறன் கருவி கிடைத்தால் வேலை சுலபம்: 184.0347 கந்தகச் சேர்மம், 184.1252 நாப்தலீன்.

மெத்தில் வகைகளை 198-லும் டைமெத்தில் வகைகளை 212-லும் இதே வழியில் தேடலாம். மெத்தில் வகைகள் 4, பிறகு 3-உம் 2-உம் சேர்ந்து, கடைசியில் 1 என்ற வரிசையில் வெளிவரும். நடுவில் வருவதை '2/3-மெத்தில்' என்றே எழுதுங்கள். தூய மாதிரி கையில் இல்லாத டைமெத்தில் பீக்குக்கு இட எண் போடாதீர்கள்.