ஆமிஷ் வீட்டு முறையில் கோழி பார்பிக்யூ

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் பக்கம், நவீன வசதிகளைப் பெரும்பாலும் தவிர்த்து எளிமையாக வாழும் கிறிஸ்தவச் சமூகமான ஆமிஷ் மக்கள் கோழி சுடும்போது, நாம் பார்பிக்யூ என்றதும் நினைக்கிற இனிப்பான சிவப்புச் சாஸ் பெரும்பாலும் இருக்காது. வினிகர், வெண்ணெய், உப்பு. ருசியின் பெரும்பகுதி இவ்வளவுதான்.

ஒரு கப் ஆப்பிள் சைடர் வினிகர், ஒரு கப் தண்ணீர், 100 கிராம் வெண்ணெய், ஒன்றரை மேசைக்கரண்டி உப்பு, கொஞ்சம் மிளகுத்தூள். வெண்ணெய் உருகும்வரை சூடாக்கினால் போதும். இரண்டாகப் பிளந்த இரண்டு கோழிகளுக்குச் சரியாக இருக்கும்.

கரி நெருப்பில் தீ நாக்கு அடங்கி, மேலே சாம்பல் பூத்த பிறகே கோழியை வையுங்கள். பலர் அவசரப்பட்டுக் கெடுப்பது இங்கேதான். எலும்புப் பக்கம் முதலில் கீழே இருக்கட்டும். தோல் பக்கத்தை முதலில் வைத்தால் கொழுப்பு சொட்டித் தீப்பிடித்துத் தோல் கருகிவிடும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை புரட்டி, ஒவ்வொரு முறையும் கலவையைப் பூசுங்கள். வெண்ணெய் மேலே மிதக்கும், கலக்கிவிட்டுப் பிரஷைத் தோய்த்தெடுங்கள். மொத்தம் ஒன்றேகால் மணி நேரம் ஆகலாம். தொடையின் உள்ளே 74 டிகிரி செல்சியஸ் வந்தால்தான் வெந்தது என்று கணக்கு.

கலவையில் சர்க்கரை இல்லாததால்தான் இவ்வளவு நேரம் நெருப்பில் கிடந்தும் கருகுவதில்லை. இனிப்புச் சாஸ் வேண்டியே ஆகவேண்டும் என்றால் கடைசிப் பத்து நிமிடத்தில் தடவுங்கள்.

பச்சைக் கோழியைத் தொட்ட பிரஷ் போன கலவையைத் தட்டில் ஊற்ற வேண்டாம். தொட்டுக்கொள்ள முதலிலேயே கொஞ்சம் தனியாக எடுத்து வையுங்கள்.