பழைய ஃபைபர் காரின் பானட்டில் ஸ்கூப் அமைத்தல்: நெல்லை வெயிலுக்கேற்ற செய்முறை

1998இல் வெளிவந்த சான் ஸ்டார்ம், நம் நாட்டில் ஃபைபர் (கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்து இறுகிய பொருள்) உடலோடு விற்பனைக்கு வந்த மிகச் சில கார்களில் ஒன்று. சித்திரை வெயிலில் வண்ணார்பேட்டை நெரிசலுக்குள் ஊர்ந்து செல்லும்போது, இந்தச் சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் 1149 சிசி ரெனோ எஞ்சின் பானட்டுக்கு அடியில் சேர்த்துவைக்கும் வெப்பம் கொஞ்சநஞ்சமல்ல. அந்த வெப்பம் வெளியேறுவதற்காக, என் காரின் பானட்டில் பின்னோக்கித் திறந்திருக்கும் ஸ்கூப் (காற்று போகும் புடைத்த திறப்பு) ஒன்றை ஃபைபரில் நானே செய்து பொருத்தியிருக்கிறேன். ஃபைபர் வேலையை முதன்முதலாகத் தொடங்குபவரும் செய்துவிடக்கூடிய அளவுக்கு இது சிறியது. பானட்டைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டால் நின்றபடியே முழு வேலையையும் முடிக்கலாம்.

வாகனத்தின் பதிவுச் சான்றிலுள்ள விவரங்களுக்கு முரணாக எதையும் மாற்றக்கூடாது என்பது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. ஆகவே பானட்டில் கைவைப்பதற்கு முன் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

முதலில் ஸ்கூப்பின் இடத்தைத் தீர்மானிக்க வேண்டும். கார் ஓடும்போது முன்கண்ணாடியின் அடிவாரத்தில் காற்றழுத்தம் மிகுந்திருக்கும். அங்கே திறப்பு வைத்தால் வெப்பம் வெளியேறுவதற்குப் பதிலாக வெளிக்காற்று உள்ளே தள்ளப்படும். எனவே ரேடியேட்டருக்குச் சற்றுப் பின்னால், பானட்டின் முன்பாதியிலேயே இடம் பாருங்கள். பானட்டின் அடியில் ஓடும் விறைப்புச் சட்டங்கள் எதையும் வெட்டும்படி நேரக்கூடாது.

ஒரே ஒரு ஸ்கூப்புக்காகத் தனி அச்சு எடுப்பது வீண் செலவு என்பது என் கருத்து. பியூ (பாலியூரிதேன்) ஃபோம் கட்டியைப் பானட்டின் மேலேயே ஒட்டி, வேண்டிய வடிவத்துக்கு அறுத்துத் தேய்த்து, அதன்மேல் நேரடியாகக் கண்ணாடி இழை விரிப்பான மேட்டை ரெசினில் நனைத்துப் போட்டுவிடலாம். தெர்மோகோல் மலிவாகக் கிடைக்கிறதே என்று அதை எடுத்துவிடாதீர்கள். இழையை இறுக்கிப் பிடிக்கும் பிசினான பாலியெஸ்டர் ரெசினில் உள்ள ஸ்டைரீன் என்ற ரசாயனம் பட்ட மாத்திரத்தில் தெர்மோகோல் கரைந்து குழிவிழும். களிமண்ணும் உதவாது. காருக்குறிச்சியில் பானை வனையும் மண் எவ்வளவு நயமானதாக இருந்தாலும், அதன் ஈரத்தைத் தொட்டிருக்கும் ரெசின் சரியாக இறுகுவதில்லை.

வடிவம் தயாரானதும் ஃபோமைச் சுற்றி நான்கு விரல் அகலத்துக்குப் பானட்டின் பெயிண்டையும் அதன் அடியிலுள்ள ஜெல்கோட்டையும் (ஃபைபரின் வழவழப்பான மேற்பூச்சு) 80ஆம் எண் உப்புத்தாளால் தேய்த்து எடுங்கள். கண்ணாடி இழை கண்ணுக்குத் தெரியும்வரை தேய்க்க வேண்டும், ஏனெனில் பெயிண்டின் மேல் ஒட்டிய ஃபைபர் பெயிண்டோடு சேர்ந்தே உரிந்துவிடும். தூசியைத் துடைத்து, அசிட்டோனால் ஒருமுறை சுத்தம் செய்து, முழுவதும் உலர விடுங்கள். தேய்க்கும்போது முழுக்கைச் சட்டையும் கண்ணாடியும் அணிந்திருங்கள். ரெசினைத் திறக்கும் நேரத்தில் ரசாயன ஆவியைத் தடுக்கும் கரி வடிகட்டி பொருத்திய முகமூடி கட்டாயம் வேண்டும். துணி முகமூடி ஸ்டைரீன் ஆவியைத் தடுக்காது.

அடுத்தது ரெசின் கலப்பது. தொடங்குபவர்களில் பெரும்பாலோர் இடறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கடையில் ரெசின் வாங்கும்போதே, அதில் இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட் திரவம் ஏற்கெனவே கலந்திருக்கிறதா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கலக்காததாக இருந்தால் கோபால்டை முதலில் ரெசினில் விட்டு முழுவதும் கலந்துவிடும்படி கிண்டிய பிறகே, ஹார்டனர் என்று நாம் சொல்லும், ரெசினை இறுகவைக்கும் எம்.இ.கே.பி. திரவத்தைச் சேர்க்க வேண்டும். கோபால்டும் ஹார்டனரும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேர்ந்தால் தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ஆகவே இரண்டு புட்டிகளையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். ஒன்றை அளந்த சிரிஞ்சால் மற்றொன்றை அளக்காதீர்கள்.

ஹார்டனரின் அளவு, ரெசின் எடையில் 1 முதல் 2 சதவீதம். 300 கிராம் ரெசினுக்கு 3 கிராம் என்பது கீழ் எல்லை. வெயில் காலத்தில் பாளையங்கோட்டையில் 38 டிகிரியைத் தாண்டுவது வழக்கம் என்பதால், அந்த 3 கிராமே பிற்பகலில் சில நிமிடங்களுக்குள் ரெசினை இறுக்கிவிடும். உடனே எல்லோருக்கும் தோன்றுவது, ஹார்டனரைப் பாதியாகக் குறைத்துவிடலாம் என்பதுதான். அப்படிச் செய்யவே கூடாது. 1 சதவீதத்துக்குக் கீழே போனால் ரெசின் இறுகியதுபோலத் தோற்றமளித்தாலும் உள்ளுக்குள் அரைகுறையாகவே நின்றுவிடும். எத்தனை நாள் வெயிலில் காய்ந்தாலும் அது முழு வலிமை பெறாது, அதன்மேல் அடித்த பெயிண்ட் பின்னால் கொப்புளிக்கும். மாற்ற வேண்டியவை நேரமும் கலக்கும் அளவும் பாத்திரமுமே. விடியற்காலையில் நிழலில் வேலை செய்யுங்கள். முந்தைய நாள் வெயிலில் கிடந்த பானட் தொட்டால் குளிர்ச்சியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு தடவைக்கு 300 கிராமுக்கு மேல் கலக்காதீர்கள். ஆழமான டம்ளரில் ரெசின் தன் சூட்டிலேயே வெந்து புகைந்துவிடும் என்பதால், அகலமான தட்டையான தட்டில் பரப்பி வையுங்கள்.

வேலைக்கு முன் சிறிதளவு ரெசினை அதே விகிதத்தில் கலந்து, எவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கருப்பட்டி காய்ச்சுகிறவர் பாகின் பதம் பார்ப்பதுபோல இதற்கும் பதம் பார்க்கும் கண் வேண்டும்: பிரஷ்ஷைத் தூக்கும்போது ரெசின் சொட்டாகாமல் இழையாக நீண்டால் நேரம் முடிந்துவிட்டது என்று பொருள். அதற்குமேல் அந்தத் தட்டைத் தொடாமல் ஒதுக்கிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும்.

மேட் போடுவதில் சிக்கல் குறைவு. முதலில் 300 கிராம் (ஒரு சதுர மீட்டர் மேட்டின் எடை) மேட் ஒன்று, அதன்மேல் 450 கிராம் மேட் இரண்டு போதும். 450 கிராம் மேட் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கிலோ ரெசின் குடிக்கும். இறுகியபின் ஓர் அடுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் வரும். விளிம்புகளைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்துப் போட்டால், இழைகள் மெலிந்து பரவிப் பானட்டோடு படிப்படியாக இணையும். பிரஷ்ஷை இழுக்காமல் குத்திக் குத்தி நனையுங்கள். வெள்ளை மேட் ரெசினைக் குடித்ததும் கண்ணாடிபோலத் தெளியும். எங்கே வெண்மை மிஞ்சியிருக்கிறதோ அங்கே காற்று சிக்கியிருக்கிறது. அதை வெளியேற்ற அலுமினிய வரி ரோலரையே நான் பரிந்துரைப்பேன். பெயிண்ட் ரோலர் ரெசினை உறிஞ்சிக்கொள்ளுமே தவிரக் காற்றை வெளியேற்றாது.

உவரி, இடிந்தகரைக் கடற்கரைகளில் ஃபைபர் வள்ளங்களைப் பழுதுபார்ப்பவர்களின் கைவேலையைப் பக்கத்தில் நின்று பார்க்க வாய்த்தால் தவறவிடாதீர்கள். ரோலரை எவ்வளவு அழுத்தி ஓட்ட வேண்டும் என்பதை எழுத்தில் விளக்குவது கடினம். ஆனால் ஆனி, ஆடி மாதங்களில் திறந்த வெளியில் அவர்களைப்போல வேலை செய்ய முனையாதீர்கள். அந்தப் பருவத்துக் காற்று மெல்லிய ரெசின் படலத்திலிருந்து ஸ்டைரீனை அடித்துக்கொண்டு போய்விடும். மேற்பரப்பு இறுகாது, புழுதியும் படியும்.

மறுநாள் பானட்டைத் திருப்பிப் போட்டு, அடியிலிருந்து திறப்பை அறுத்து, ஃபோமைச் சுரண்டி எடுத்து, இணைப்பின் உட்புறத்தில் மேலும் ஓர் அடுக்கு மேட் போடுங்கள். அதன் பிறகு பட்டி பார்க்க அவசரப்படக்கூடாது. குறைந்தது ஒரு வாரம் பானட்டை வெயிலில் வைத்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடியட்டும். இல்லாவிட்டால் பெயிண்ட் பளபளத்த சில மாதங்களில் மேட்டின் இழைக்கோலம் மேலே தெரியத் தொடங்கும். பட்டியை மெல்லிய படலமாகப் பூசி, நீளமான கட்டையில் சுற்றிய உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்துவிட்டுப் பெயிண்டருக்குக் கொடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முன் திறப்புக்கு அடியில் ஒரு தகட்டுத் தட்டும் வடிகுழாயும் பொருத்தினால் மின் இணைப்புகளில் தண்ணீர் சொட்டாது.

பின்சேர்க்கை: பிரீமியர் பத்மினி, கான்டெஸ்ஸா வைத்திருப்பவர்கள் இதே முறை தங்களுக்கும் பொருந்துமா என்று கேட்டிருக்கிறார்கள். அவற்றின் பானட் இரும்புத் தகடு. பாலியெஸ்டர் ரெசின் இரும்பை உறுதியாகப் பற்றாது. வெயிலில் இரண்டும் வெவ்வேறு அளவில் விரிவதால் இணைப்பு ஓரமாகக் கோடுபோல வெடிப்பு ஓடும், அதன் வழியே இறங்கும் நீர் தகட்டைத் துருப்பிடிக்க வைக்கும். எனவே இரும்பு பானட்டுக்கு ஸ்கூப்பைச் சுற்றிலும் விளிம்புள்ள தனிப் பாகமாகச் செய்துகொள்ளுங்கள். பானட்டின் மேல் மெழுகு தடவிய பாலித்தீன் தாளை விரித்து, அதன்மேல் ஃபோமை வைத்து மேட் போட்டால், இறுகிய பின் கழற்றி எடுத்துவிடலாம். விளிம்புக்கு அடியில் ரப்பர் பட்டை கொடுத்து, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டுகளால் பூட்டுங்கள். அறுத்த தகட்டின் ஓரத்துக்கு அதற்கு முன்பே எபாக்ஸி பிரைமர் அடித்துவிட வேண்டும்.