மிருகங்க மேல இருக்க அக்கறையால இந்து மதத்துக்குள்ள வர்றீங்களா, இங்கேருந்து ஆரம்பிங்க

நான் பூஜை ரூம் வழியா இந்தப் பக்கம் வரல, நாய் வழியா வந்தேன். வளத்த நாய் செத்தப்ப ஒருத்தர் ஆறுதல் சொல்றேன்னு "அதுக்கெல்லாம் ஆத்மா கிடையாது, விடு"ன்னுட்டாரு, அது முள்ளு மாதிரி உள்ளயே கெடந்துச்சு. ரொம்ப நாள் கழிச்சு கீதை 5ஆவது அத்தியாயம் 18ஆவது ஸ்லோகம் கண்ணுல பட்டுச்சு, படிச்ச பிராமணன், பசு, யானை, நாய், நாயத் திங்கிறவன் எல்லாரையும் ஞானி ஒண்ணாத்தான் பாப்பான்னு. அந்த வரிசைல நாய் இருந்துச்சு, எனக்கு அது போதும்.

எல்லாத்தையும் படிச்சு முடிச்சுட்டு ஆரம்பிக்கலாம்னு உக்காராதீங்க, மகாபாரதம் மட்டுமே 18 பர்வம். திருமூலர் 4 வரில முடிச்சுட்டாரு, "யாவர்க்குமாம் இறைவற்கு ஒரு பச்சிலை"ன்னு ஆரம்பிக்கிற பாட்டு. சாமிக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாய் தீனி, சாப்பிடும்போது அடுத்தவங்களுக்கு ஒரு கைப்பிடி, மத்தவங்ககிட்ட நல்ல வார்த்தை. இத அப்படியே தினசரி வேலையா எடுத்துக்கோங்க.

பச்சிலை ஈஸி. மந்திரம் தெரியலன்னா பரவால்ல, ஒரு இலை, கொஞ்சம் தண்ணி, ரெண்டு நிமிஷம் சும்மா உக்காருங்க.

பசுவுக்கு ஒரு வாய்ங்கிறதுலதான் நெறைய பேர் சொதப்புறோம். புண்ணியம்னு நெனச்சு சமைச்ச சோத்த ஒரு அண்டா கொட்டினா மாட்டு வயித்துல அது புளிச்சு அமிலம் ஏறி உயிரே போகலாம், அதுக்கு வேண்டியது புல்லு, கீரை, அதுவும் பிளாஸ்டிக் கவரோட போடவே கூடாது, கவரையும் சேத்து முழுங்கிடும், வயித்துக்குள்ள அப்படியே தங்கிடும். நாய்க்கு சாக்லேட், திராட்சை, வெங்காயம் மூணும் விஷம். பறவைக்கு தண்ணி வச்சா அகலமான ஆழமில்லாத சட்டில வச்சு தினமும் மாத்துங்க, இல்லன்னா கொசுவுக்குத்தான் தொண்டு. காட்டு மிருகத்துக்கு எதுவும் போடாதீங்க, ரோட்டோரம் கைநீட்டி பழகின குரங்கு அந்த ரோட்டுலயே அடிபட்டுச் சாகுது. அப்புறம் இந்த கூண்டுப் பறவைய காசு குடுத்து வாங்கி பறக்க விடுறது, நானும் ஒரு தடவ பண்ணிட்டு பெருமையா திரிஞ்சேன், அப்புறம்தான் உறைச்சுது, நான் குடுத்த காசுலதான் அடுத்த பறவைய புடிக்கிறாங்க. திருவள்ளுவர் 256ஆவது குறள்ல கறிக்கு இதே கணக்கத்தான் சொல்றாரு, திங்கிறதுக்காக யாரும் கொல்லலன்னா காசுக்கு விக்கவும் ஆள் இருக்காதுன்னு.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். ஒரே நாள்ல கறி, மீன் எல்லாத்தையும் விட்டா ஒரே மாசத்துல திரும்பிடுவீங்க, வாரத்துல ரெண்டு நாள்னு ஆரம்பிச்சு கூட்டிட்டே போங்க, பருப்பு, பயறு வகைய நல்லா சேத்துக்கோங்க. பாலும் வேணாம்னு முடிவு பண்றவங்க வைட்டமின் பி12 மாத்திரை பத்தி டாக்டர்கிட்ட கட்டாயம் கேளுங்க, இத பக்தியால சமாளிக்க முடியாது, நரம்ப பாதிக்கும்.

இன்னொண்ணு, யாரும் மொதல்லயே சொல்ல மாட்டாங்க. இந்து மதம் முழுக்க சைவச் சாப்பாடுதான்னு நம்பி வந்தா ஒரு நாள் ஷாக் ஆவீங்க. அஸ்ஸாம் காமாக்யா கோயில்லயும் கொல்கத்தா காளிகாட் காளி கோயில்லயும் இன்னிக்கும் ஆடு பலி உண்டு, அதுவும் இதே மதம்தான். இன்னொரு பக்கம் பதஞ்சலியோட யோக சூத்திரத்துல யமம்னு சொல்ற ஒழுக்கங்கள்ல மொதல்ல வர்றதே அகிம்சை, 1867ல வடலூர்ல தருமச்சாலை தொடங்கின வள்ளலார் வாடின பயிரப் பாத்தே வாடினவரு. எந்தப் பக்கம் நிக்கப் போறோம்னு நாமதான் தேர்ந்தெடுக்கணும், நான் வள்ளலார் பக்கம், அதுக்காக அந்தப் பக்கம் இருக்கவங்க சாமி கும்பிடல்லன்னு சொல்ல மாட்டேன்.

நாலாவது வரி, நல்ல வார்த்தை, அதுலதான் நான் இன்னும் ஃபெயில். கறிய விட்ட முதல் வருஷம் பூரா பக்கத்துல சாப்பிடுறவங்க தட்டப் பாத்து பாடம் எடுத்தேன், ஒருத்தர் கூட மாறல, என்ன விருந்துக்கு கூப்பிடுறதத்தான் நிறுத்தினாங்க. இப்ப "எனக்கு வேணாம், நீங்க சாப்பிடுங்க", அவ்ளோதான். ஏன்னு அவங்களா கேட்டா மட்டும் பேசுங்க, அதுவும் அவங்க கை கழுவினதுக்கு அப்புறம்.